எண் பொருந்தினாலும் காது ஒப்ப வேண்டும்: கீ பார்த்து மிக்ஸ் செய்தவர்களின் அனுபவங்கள்

எந்தக் கீ (ட்ராக்கின் ஆதார சுருதியும் அது மேஜரா மைனரா என்பதும்) எதனோடு ஒத்துப்போகும் என்று டிஜேக்களுக்கு 1 முதல் 12 வரையிலான எண்களில் காட்டுவது கேமலாட் சக்கரம்; அதில் ஏ என்றால் மைனர், பி என்றால் மேஜர். அதை விளக்கும் பாடங்களுக்குப் பஞ்சமில்லை. எனக்கு வேண்டியது வேறு. இரண்டு ட்ராக் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும்போது உங்கள் காதில் என்ன விழுந்தது, ஏன் அப்படி விழுந்தது என்பதை எழுதுங்கள். என்னுடையதில் தொடங்குகிறேன்.

நான் பெரும்பாலும் வினைலில் வாசிக்கிறேன். டர்ன்டேபிளில் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடவே ஏறும். அதனால் லேபிளில் எழுதியிருக்கும் கீ, வேகத்தை மாற்றும் ஃபேடர் பூஜ்யத்தில் நிற்கும்வரைதான் உண்மை. 126 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 126 பீட்) ஒரு ஏ மைனர் ட்ராக், அதாவது 8ஏ. அடுத்தது 128இல் இ மைனர், 9ஏ. சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஏழு ஸ்வரங்களில் ஆறு பொது, எஃப் மட்டும் எஃப் ஷார்ப்பாக மாறுகிறது. முதல் ட்ராக்கை 128க்கு ஏற்றினால் வேகம் 1.6 சதவீதம் கூடும், சுருதி 27 சென்ட் ஏறும். அரை ஸ்வரத்துக்கு 100 சென்ட் என்ற கணக்கில் இது கால்பங்குதான். டிரம்ஸ் மட்டும் ஓடும்வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பக்கமும் பேட், அதாவது நீளமாக நிற்கும் சிந்த் ஒலி, வந்ததும் ஒலி மெல்ல ஊசலாடத் தொடங்கியது. கூர்ந்து கேட்காதவருக்கும் ‘என்னவோ சரியில்லை’ என்று தோன்றும் அளவுக்கு.

பழக வேண்டிய எண் 6. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 போன்ற டர்ன்டேபிளின் ஃபேடர் இரு பக்கமும் 8 சதவீதம் நகரும். ஏறக்குறைய 6 சதவீதத்தில் சுருதி சரியாக அரை ஸ்வரம் ஏறிவிடும். 120இல் இருக்கும் 8ஏ, 127க்குப் போனால் பி ஃபிளாட் மைனர், அதாவது 3ஏ. மோசமான இடம் 3 சதவீதம். அங்கே ட்ராக் இந்தக் கீயிலும் இல்லாமல் அந்தக் கீயிலும் இல்லாமல் நடுவில் தொங்கும். அதனால் என் ரெக்கார்ட் உறைகளில் இரண்டு கீ எழுதி ஒட்டியிருக்கிறேன்: பூஜ்யத்தில் எது, எந்த பிபிஎம்மில் அடுத்ததாக மாறுகிறது என்று.

*

நல்ல தலைப்பு. நான் கீ லாக் (வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) போட்டுத்தான் வாசிக்கிறேன், அதனால் நீங்கள் சொன்ன தொல்லை எனக்கு இல்லை. என் அனுபவம் முழுக்க பாஸில்.

8ஏவிலிருந்து 3ஏவுக்கு, அதாவது அரை ஸ்வரம் மேலே தாவுவது எனக்கு மிகவும் பிடித்த நகர்வு. கூட்டம் கொஞ்சம் சோர்ந்திருக்கும் நேரத்தில் சட்டென்று ஒரு தூக்கு கிடைக்கும். ஆனால் இதை மேலே போட்டு மெதுவாகக் கலக்கவே முடியாது. கணக்கைப் பாருங்கள்: ஏ பாஸ் 55 ஹெர்ட்ஸ், பி ஃபிளாட் பாஸ் 58.27 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு மூன்று தடவைக்குக் கொஞ்சம் மேலாக ஒலி பெருத்துச் சுருங்கும். பெரிய ஸ்பீக்கரில் இதைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும், தரையே உறுமும். கிக்கின் அடி எங்கே விழுகிறது என்றுகூடப் புரியாது. அதே இரண்டு ட்ராக்கை ஹெட்ஃபோனில் கேட்டால் இவ்வளவு பயங்கரமாக இருக்காது, அதுதான் ஆளை ஏமாற்றும்.

நான் செய்வது இதுதான். வெளியேறும் ட்ராக்கின் பிரேக்டவுன் (டிரம்ஸ் ஓய்ந்திருக்கும் பகுதி) முடியும் இடத்தில், 32 பீட் கணக்கு சரியாக முடியும் பீட்டில் வெட்டி மாற்றுகிறேன். ஒரு பாஸ்லைன் நின்ற பிறகுதான் அடுத்தது தொடங்கும். ஒரே கீயில் இருக்கும் ட்ராக்குகளுக்கும் மிக்ஸரின் பாஸ் குமிழ்களை ஒரே அசைவில் மாற்றிக்கொள்வதே வழக்கம். கீ பொருந்துவது இரண்டு பாஸ்லைனைச் சேர்ந்து ஓடவிட அனுமதி கொடுப்பதில்லை.

*

நான் முதலில் பாட்டு கற்றுக்கொண்டு அப்புறம் டிஜே பக்கம் வந்தேன். அதனால் ட்ராக்கைக் கேட்டதும் ‘இது ஐந்து கட்டை, அது ஆறு கட்டை’ என்றுதான் மனதில் ஓடும். ஆதார சுருதியை முணுமுணுத்துப் பிடித்துவிட்டு காந்தாரத்தைப் பாடிப் பார்ப்பேன். மேஜரா மைனரா என்பது அங்கேயே தெரிந்துவிடும். சாஃப்ட்வேர் காட்டும் எண்ணைச் சரிபார்க்க இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியவில்லை.

சரிபார்த்துப் பழகியதில் ஒன்று தெளிவானது: சாஃப்ட்வேரின் எல்லாப் பிழையும் ஒரே மாதிரி இல்லை. ஏ மைனரை சி மேஜர் என்று காட்டினால் கவலையே வேண்டாம், 8ஏவுக்கும் 8பிக்கும் ஏழு ஸ்வரமும் ஒன்றுதான். 8ஏவை 9ஏ என்று காட்டினால் அந்த இடத்தில் உறுத்தாது. ஆனால் அதை நம்பி 10ஏவுக்குப் போனால் உண்மையில் இரண்டு வீடு தாண்டியிருப்போம். ஏ மைனரை ஏ மேஜர் என்று காட்டுவதுதான் கெடுதல். 8ஏ எங்கே, 11பி எங்கே! மூன்று ஸ்வரம் மாறிப்போகும், பாடகரின் குரல் வரும் இடத்தில் அப்பட்டமாக அபஸ்வரம்.

இன்னொன்று டோரியன், அதாவது ஆறாவது ஸ்வரம் மட்டும் அரை ஸ்வரம் மேலே இருக்கும் மைனர். டீப் ஹவுஸில் இது நிறைய வரும். டி மைனர் போலத்தான் கேட்கும், சாஃப்ட்வேரும் 7ஏ என்றே காட்டும். ஆனால் பி ஃபிளாட் வர வேண்டிய இடத்தில் பி வாசித்திருப்பார்கள். அப்படியானால் அதன் ஸ்வரங்கள் அத்தனையும் 8ஏவின் ஸ்வரங்கள். 8ஏவோடு அழகாகக் கலக்கும். 6ஏவோடு போட்டால் இரண்டு இடத்தில் இடிக்கும். இதை எண்ணை மட்டும் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

*

பழைய டேப் பதிவுகளை மாற்றிய கோப்புகள் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்னிடம் ஒரு பாட்டு இருக்கிறது, சாஃப்ட்வேரில் 5ஏ. புதிய 5ஏ ட்ராக் எதனோடு போட்டாலும் புளித்தது. நீளமாக நிற்கும் ஒரு ஸ்வரத்தில் ட்யூனரை வைத்துப் பார்த்தால் 40 சென்ட் மேலே. டேப் ஓடிய வேகத்தில் ஏற்பட்ட வித்தியாசமாக இருக்கலாம். பக்கத்தில் இருக்கும் கீயைத்தானே சாஃப்ட்வேர் காட்டும், நடுவில் நிற்பதைக் காட்ட சக்கரத்தில் வீடு ஏது?

சுருதியை மட்டும் மாற்றும் கீ ஷிஃப்ட் பொத்தான் அரை ஸ்வரக் கணக்கில் மட்டும் நகர்ந்ததால் பயன்படவில்லை. அதனால் அந்தப் பாட்டுக்கு மட்டும் கீ லாக்கை அணைத்து, வேகத்தை 2.3 சதவீதம் குறைத்தேன். சுருதி இறங்கி இடத்தில் உட்கார்ந்தது. அப்புறம் அடுத்த ட்ராக்கைக் கீ லாக்கோடு அந்த வேகத்துக்குக் கொண்டுவந்தேன். அந்தப் பாட்டின் குரலும் புதிய ட்ராக்கின் சிந்த்தும் ஒன்றாகக் கரைந்து கேட்டபோது உடம்பு சிலிர்த்தது, மிகையில்லை.

கடைசிச் சரணத்தில் சுருதி மாறும் பாடல்களையும் குறித்து வையுங்கள். சி மைனரில் தொடங்கி முழு ஸ்வரம் ஏறி டி மைனரில் முடிந்தால், உள்ளே வரும்போது 5ஏ, வெளியே போகும்போது 7ஏ. பட்டியலில் ஒரே ஓர் எண்தான் இருக்கும். நான் கமென்ட் பகுதியில் இரண்டையும் எழுதுகிறேன்.

*

கொஞ்சம் மாறுபடுகிறேன். மேலே எழுதியிருப்பவை எல்லாம் உண்மை, ஆனால் முழுக்க கீயை மட்டும் பிடித்துக்கொண்டு போன செட்களைக் கேட்டிருக்கிறேன். எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு. எங்கும் உறுத்தவில்லை, எங்கும் எதுவும் நடக்கவும் இல்லை. டிரம்ஸ் மட்டும் உள்ள அறிமுகத்துக்குக் கீ என்று ஒன்று கிடையாது. அதன் வழியாக எந்த எண்ணிலிருந்தும் எந்த எண்ணுக்கும் போகலாம். கூட்டத்துக்கு அடுத்து வேண்டிய பாட்டு எதிர்ப்பக்க வீட்டில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். மேலே போட்டுக் கலக்காமல் டிரம்ஸ் வழியாகப் போங்கள், அவ்வளவுதான்.

*

தொடங்கியவன் மறுபடி வருகிறேன். டிரம்ஸ் வழி பற்றி முழுச் சம்மதம். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கிக்கும் டாமும் சில ட்ராக்குகளில் தெளிவான ஸ்வரத்திலேயே ட்யூன் செய்யப்பட்டிருக்கும். டெக்னோவில் இது அடிக்கடி. அங்கே ‘டிரம்ஸ்தானே’ என்று விட முடியாது, கேட்டுப் பாருங்கள்.

கீ லாக்கில் ஒலி கெடாதா என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இரண்டு மூன்று சதவீதம்வரை எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. அதற்கு மேல் போகப் போக கிக்கின் கூர்மை மழுங்குவதும் குரலின் ஓரங்கள் நடுங்குவதும் கேட்கிறது. 6 சதவீதத்துக்குப் பக்கத்தில் வேகம் மாற்ற வேண்டியிருந்தால் நான் கீ லாக்கை அணைத்துவிடுவேன். சுருதி அரை ஸ்வரம் நகர்ந்து வேறொரு முழுக் கீயில் சுத்தமாக நிற்கும். அந்தப் புதிய எண்ணுக்குப் பொருந்தும் ட்ராக்கைத் தேடுவதே எனக்குச் சுலபம்.

டோரியன் பற்றி எழுதியவரிடம் ஒரு வேண்டுகோள். அப்படிப்பட்ட ட்ராக்குகளை உங்கள் பட்டியலில் எப்படிக் குறித்து வைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். என் உறைகளில் இன்னும் இடம் இருக்கிறது.