குசினிக்கும் சாப்பாட்டறைக்கும் நடுவில் ஒரு சுவர்: இடிப்பதா, விடுவதா?

கோப்பாய்க்காரி கேட்கிறார்:

வணக்கம். எங்கள் குசினியையும் சாப்பாட்டறையையும் திருத்தப் போகிறோம். படங்கள் வேண்டாம், யோசனை சொல்லுங்கள். படங்களை ரொறன்ரோவிலிருந்து தம்பி அனுப்பி என் தொலைபேசியை நிரப்பிவிட்டான். வெள்ளை அலுமாரிகள், நடுவில் பெரிய மேடை, அதைச் சுற்றி உயரக் கதிரைகள், மேடையில் ஒரு கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம். ஒரு படத்திலும் சமைத்த அடையாளம் இல்லை. காசில் பாதியை அவன் தருவதால் முழுவதாகத் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் மாமா 1968இல் கட்டிய ஓட்டு வீடு. தென்கிழக்கு மூலையில் குசினி. கிழக்கு மேற்காக 8 அடி, வடக்குத் தெற்காக 11 அடி. அதை ஒட்டி மேற்கே சாப்பாட்டறை, 10 அடிக்கு 11 அடி. நடுச்சுவரின் வடக்கு ஓரத்தில் ஒரு கதவு. அதற்கு நேரெதிரே, கிழக்குச் சுவரில், கிணற்றடிக்குப் போகும் கதவு. குசினிக்குக் கிழக்கிலும் தெற்கிலும் ஒவ்வொரு ஜன்னல். கிழக்குச் சுவரோடு புகைக்கூடும் பழைய விறகடுப்பும் இருக்கின்றன. இப்போது அடுப்பின்மேல் பலகை போட்டு அதில் காஸ் அடுப்பை வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டறை என்பது பெயருக்குத்தான். மேசையில் பிள்ளைகளின் கொப்பிகள், மாமியின் மருந்துப் பெட்டி, தைத்து முடியாத திரைச்சீலை. சாப்பிடுவது விறாந்தையில். அறை பகலிலும் இருட்டு. ஒவ்வொரு சட்டியாகத் தூக்கிக்கொண்டு கதவைச் சுற்றி வர எவருக்கும் பொறுமையும் இல்லை.

சுவரை இடித்து இரண்டையும் ஒன்றாக்கச் சொல்கிறான் தம்பி. இடித்தால் கூரை இறங்கும் என்கிறார் வீட்டுக்காரர். மாமியின் கவலை வேறு: மிளகாய் வறுக்கும்போது சுவாமியறைக்குள் நின்று தும்ம வேண்டி வருமாம்.

இன்னும் சில சங்கதிகளைச் சொல்லிவிடுகிறேன். செவ்வாயும் வெள்ளியும் வீட்டில் மரக்கறி. நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடியேறினால் 25 நாளும் மீன், இறைச்சி என்ற மச்சம் எதுவும் இல்லை. மச்சச் சட்டிகள் வேறு, சைவச் சட்டிகள் வேறு. இரண்டையும் ஒரே அலுமாரியில் அடுக்கச் சொன்னால் மாமி பெட்டியைக் கட்டிக்கொண்டு மச்சாளின் வீட்டுக்குப் போய்விடுவார். எண்பது வயதிலும் திருவலையை நிலத்தில் வைத்து இருந்துதான் தேங்காய் திருவுவார். அந்த இடத்தையும் விட்டுவைக்க வேண்டும். நான் ஐந்தடிக்கும் குறைவு. அயல்வீட்டில் கட்டிய புது மேடையில் கறி கிளற எனக்கு ஒரு பலகை தேவைப்பட்டது.

சுவரை என்ன செய்வது?


சுன்னாகம் மேசன்:

அக்கா, ஆளுக்கொரு கதை சொல்வதற்கு முன் மேலே பாருங்கள். ஓட்டுக்கூரையைத் தாங்கும் வளை மரமும் பனைமரச் சட்டமான பனஞ்சிலாகையும் அந்தச் சுவரில் இருக்கின்றனவா, குறுக்கே ஓடுகின்றனவா? அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலும் நடுச்சுவர்தான் சுமை தாங்கும். அப்படியானால் முழுச்சுவரையும் எடுக்கக் கொங்கிறீற் பீம் வேண்டும். அதைத் தாங்க இரு பக்கமும் தூண், தூணுக்கு அத்திவாரம். குசினி திருத்தும் காசில் பாதி அதற்கே போய்விடும்.

நாலடி அகலத்துக்குள் ஒரு திறப்பு என்றால் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே போடும் சின்ன உத்தரம், போதும். இரு பக்கமும் சுவருக்குள் ஒன்பது அங்குலம் இருக்கவிட்டு, மேலே மரத்தால் முட்டுக்கொடுத்த பிறகே கல்லைக் கழற்ற வேண்டும். முட்டுக் கொடுக்காமல் ‘ஒரு நாள் வேலை’ என்று சொல்லுகிறவரை வளவுக்குள் விடாதீர்கள். லிண்டல் போட்டதும் இரண்டு கிழமைக்கு அந்த முட்டு மரங்களைக் கழற்ற வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டில் கை வைக்கவும் வேண்டாம்.


மானிப்பாய் படவரைஞர்:

தங்கச்சி, மேசன் தம்பி கூரையைச் சொல்லிவிட்டார். நான் காற்றைச் சொல்கிறேன். வீட்டுப் படங்கள் வரைந்தே தலை நரைத்தவள் நான். எங்கள் ஊரில் குசினி கெட்டுப்போவது காற்றைப் பாராமல் அலுமாரிக்கு அளவெடுப்பதால்தான்.

உங்கள் மாமி சொன்னது சரி, ஆனால் பாதி வருடத்துக்கு மட்டும். வைகாசி தொடங்கி வீசும் சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. அப்போது சுவர் இல்லாவிட்டாலும் சாப்பாட்டறைக் காற்று குசினிக்குள் புகுந்து கிழக்கு ஜன்னலால் வெளியே போகும். புகையும் அதோடு போய்விடும். வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். வடகிழக்கிலிருந்து வரும் காற்று கிழக்கு ஜன்னலால் நுழைந்து, உங்கள் மிளகாய்க் காரத்தை அள்ளிக்கொண்டு மேற்கே வீட்டுக்குள் போகும். கதவு ஜன்னலை எல்லாம் சாத்தியிருக்கும் மழைக்காலமும் அதுதான். அந்த மாதங்களில் நடுச்சுவர்தான் வீட்டைக் காப்பாற்றுகிறது. எனவே இடிக்க வேண்டாம், திறந்து மூடக்கூடிய வழி ஒன்றை வையுங்கள். நாலடி அகலத்தில் திறப்பு, அதற்கு இழுத்து மூடும் கண்ணாடிக் கதவு. சட்டிகள் அதனால் நேரே மேசைக்கு வரும். மூடியிருந்தாலும் கிழக்கு வெளிச்சம் சாப்பாட்டறைக்குக் கிடைக்கும்.

புகை இழுக்கும் விசிறியைக் கிழக்குச் சுவரில் பொருத்தாதீர்கள், வாடையில் அது காற்றோடு மல்லுக்கட்டும். தெற்குச் சுவரில், கூரைக்குக் கிட்ட வையுங்கள். காஸ் அடுப்பைத் தெற்கு ஜன்னலுக்குக் கீழே வைக்கவும் கூடாது, ஆனியில் சோளகம் சுவாலையை அணைத்து விளையாடும். கிழக்குச் சுவரில் புகைக்கூட்டுக்குக் கீழே இருக்கும் இடமே நல்ல இடம். அந்தக் கால மேசன் வாத்தியாரிடம் படிக்காமலே அதைக் கண்டுபிடித்திருக்கிறார்.

தம்பியின் நடுமேடைக்கு வருவோம். சுவரை எடுத்தால் மொத்த அகலம் 18 அடி. கிழக்கு மேடை 2 அடி, நடக்க மூன்றரை, நடுமேடை 3, மறுபடி நடக்க மூன்றரை, சாப்பாட்டு மேசை 3, கதிரையை இழுத்து எழும்ப 3. கூட்டிப் பாருங்கள், 18. சரியாகத்தான் வருகிறது என்று அவர் துள்ளுவார். ஆனால் மேசையில் ஆள் இருக்கும்போது உயரக் கதிரையில் இன்னொருவர் இருந்தால் நடுவால் போக வழியில்லை. பிறிட்ஜ் எங்கே? மச்சச் சட்டி எங்கே?

சுவர் நின்றால் கணக்கு சுகமானது. குசினியின் 8 அடியில் கிழக்கிலும் மேற்கிலும் 2 அடி மேடைகள், நடுவில் 4 அடி. இருவர் முதுகு முட்டாமல் வேலை செய்யலாம். கிழக்கு மேடையில் அடுப்பு, மேற்கு மேடையில் சிங்கும் திறப்பும். தெற்கு ஜன்னலுக்குக் கீழே மேடை கட்டாமல் விட்டால் அது மாமியின் திருவலைக்கு, வெளிச்சமும் உண்டு. மற்றப் பக்கத்தில் 3 அடிக்கு 5 அடி மேசை போட்டால் பக்கங்களில் மூன்றரை அடியும் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் 3 அடியும் மிஞ்சும். ஒருவருக்கு இரண்டடி என்று ஆறு பேர் தாராளமாக இருக்கலாம்.

மேடை உயரத்துக்கு மூன்றடி என்ற பொதுக்கணக்கை விட்டுவிடுங்கள். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கி, முழங்கையிலிருந்து நிலம்வரை அளந்து, நாலைந்து அங்குலம் குறையுங்கள். உங்களுக்கு 32 அங்குலத்தை ஒட்டி வரும். அடுப்பு வைக்கும் இடத்தை இன்னும் இரண்டு அங்குலம் தாழ்த்தலாம், சட்டிக்கும் உயரம் உண்டல்லவா.


ஸ்காபரோவிலிருந்து ஒருவர்:

அக்கா, உங்கள் தம்பிக்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அந்த நடுமேடை இருக்கிறது. அதில் கடிதங்களும் கடைத்துண்டுகளும் கார்த் திறப்பும் கிடக்கும். மீன் பொரிப்பது கராஜில், இரண்டாவது அடுப்பு வைத்து. பனிக்காலத்தில் ஜன்னல் திறக்க முடியாது. திறந்த குசினியில் ஒரு தரம் நெத்தலி பொரித்தால் மேலறையில் தொங்கும் குளிர்ச்சட்டை வரைக்கும் மணக்கும். இங்கே எங்கள் ஆட்களில் பலருக்குக் கீழ் அறையிலோ கராஜிலோ இன்னொரு சமையலிடம் உண்டு. தம்பியிடம் அவர் எங்கே மீன் பொரிக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.


கோப்பாய்க்காரி:

கேட்டேன். ‘அது வேறு கதை’ என்றான். கராஜ்தான்.

எல்லாருக்கும் நன்றி. வளை சுவரில்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் ஏணி வைத்துப் பார்த்துச் சொன்னார்; சொல்லும்போது அவருக்கு வந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும். திறப்பு என்று முடிவாகிவிட்டது. மச்சத்துக்குக் கிணற்றடிப் பக்கம் பத்தி என்ற சாய்ப்பு ஒன்றை இறக்கி விறகடுப்பையும் அங்கே கொண்டுபோகலாம் என்று நினைக்கிறேன். காஸ் இருக்கும்போது விறகடுப்பு எதற்கு என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். 2022இல் வெற்றுச் சிலிண்டரோடு வரிசையில் நின்றது அவர்களுக்கு மறந்துபோயிற்று. எனக்கு மறக்கவில்லை.

இனி அலுமாரி. கடைக்காரர் அழுத்திய மரத்தூள் பலகையில் முழுக் குசினியும் செய்து தருவதாகச் சொல்கிறார். பளபளப்பாகத்தான் இருக்கிறது. நம்பலாமா?


மானிப்பாய் படவரைஞர்:

மேல் அலுமாரிக்கு ஓரளவு நம்பலாம். சிங்குக்குக் கீழே வேண்டாம். பைப்பில் ஒரு சின்னக் கசிவு போதும், அந்தப் பலகை தண்ணீரில் போட்ட பாண்போல ஊதிவிடும், பிறகு ஆணியும் பிடிக்காது. மேடைக்குக் கீழே கொங்கிறீற் தட்டுகள் போட்டுக் கதவை மட்டும் அலுமினியத்திலோ வேப்பம்பலகையிலோ செய்யுங்கள். கறையானுக்கு வேம்பில் பிரியம் குறைவு. லாச்சி, அதாவது இழுப்பறை, இரண்டு போதும். தச்சரான ஓடாவியின் கூலி லாச்சியில்தான் ஏறும்.

ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, சுளகு, இடியப்பத் தட்டு இவற்றை மூடிய அலுமாரிக்குள் வைத்தால் மாரியில் பூஞ்சணம் பிடிக்கும். புகைக்கூட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பனஞ்சிலாகையை அறைந்து கொக்கிகள் பூட்டி அவற்றைத் தொங்கவிடுங்கள். காற்றும் படும், சூடும் படும். தம்பியின் படங்களில் இல்லாத அழகு அது.

காஸ் சிலிண்டரை அலுமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தேங்கும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்புகள் வெடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சிலிண்டரை வெளிச்சுவரோடு, கம்பிக்கூட்டுக்குள் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே எடுங்கள். விறகடுப்புக்குப் பக்கத்தில் அந்தக் கூடு வரவே கூடாது. பத்தியில் அடுப்பு வடக்கு ஓரத்தில் என்றால் சிலிண்டர் தெற்குச் சுவருக்கு. பத்தியின் வடக்குப் பக்கத்தில் அரைச்சுவர் எழுப்புங்கள், இல்லாவிட்டால் வாடைமழை அடுப்பை நனைக்கும்.

மேடைக்குக் கறுப்புக் கருங்கல்லைக் கடைக்காரர் காட்டுவார். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு விழும். கறுப்பில் அது பளிச்சென்று தெரியும். சாம்பல் புள்ளி போட்ட கல்லை எடுங்கள். வெள்ளை மாபிள் கல் வேண்டவே வேண்டாம். தேசிக்காயும் புளியும் பட்ட இடமெல்லாம் அரிக்கும்.

சிங் தண்ணீரை வாழைக்கு விடுவதானால் நடுவில் ஒரு சின்னத் தொட்டி கட்டி எண்ணெயை அதில் மிதக்கவிட்டு, கீழ்த் தண்ணீரை மட்டும் அனுப்புங்கள். கிணற்றை விட்டு எட்டத்தில். எங்கள் கல்லுக்குள் ஊறுவதெல்லாம் ஒருநாள் கிணற்றுக்குத்தான் வந்து சேரும்.


சுன்னாகம் மேசன்:

வேம்பென்றால் நன்றாகக் காய்ந்த பலகையாகப் பார்த்து எடுங்கள். பச்சைப் பலகை கதவாகி ஒரு கோடையிலேயே கோணும்.

அக்கா, திறப்பின் கீழ்விளிம்பு எங்கே வர வேண்டும் என்று சொல்லுங்கள். மேடை 32 என்றால் அதற்குமேல் ஆறு அங்குலமாவது கல் நிற்கட்டும், சிங் தண்ணீர் மேசைப் பக்கம் தெறிக்காது. இழுக்கும் கதவின் தண்டவாளத்துக்குச் சுவரில் எந்தப் பக்கம் இடம் இருக்கிறது என்பதையும் அளந்து எழுதுங்கள். வடக்குப் பக்கம் இழுத்தால் உங்கள் பழைய கதவு நிலையில் முட்டும் என்று நினைக்கிறேன்.