ஹொகுசாயின் 'பேரலை' அசலைப் பார்க்க எங்கே போவது?

அலைநீலம் கேட்டது:
டோக்கியோ பயணத்தில் ஒரு முழு நாளை ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய்க்கென்றே ஒதுக்க எண்ணம். டோக்கியோவிலேயே உள்ள சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம் போதுமா, நகானோ பக்கத்துச் சிற்றூரான ஒபுசே வரை போகத்தான் வேண்டுமா? 'கனகாவா பேரலை'யின் அசல் மரப்பலகை அச்சைப் பார்ப்பதுதான் முதல் ஆசை. அது எப்போதும் மாட்டியிருக்குமா?

மரக்கட்டை:
இருக்காது நண்பரே. போய் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் இதை எதிர்பார்த்துத்தான் போகிறார்கள். சுமிதாவின் நிரந்தரக் கூடத்தில் இருப்பவை பெரும்பாலும் துல்லியமான நகல்கள். அசல் அச்சுகள் சிறப்புக் கண்காட்சிகளில்தான் வெளியே வரும். அதிலும் பாதியில் படங்களை மாற்றிவிடுவார்கள். கண்காட்சியின் தலைப்பை மட்டும் பார்த்துப் போகாதீர்கள். காட்சிப் பட்டியலில் அந்தப் படம் முற்பகுதியிலா பிற்பகுதியிலா என்று தேதியோடு சரிபாருங்கள்.

இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் வெளிச்சம். குசும்பாப் பூவிலிருந்து எடுத்த சிவப்பு, கானாவாழை வகைச் செடியின் நீலம் போன்ற தாவரச் சாயங்கள் ஒளி பட்டால் வெளிறும். போன நிறம் திரும்பாது. பேரலையின் பிரஷ்யன் நீலம் செயற்கை நிறமி, அவ்வளவு எளிதில் வெளிறாது, ஆனால் அதன் வானத்தின் மெல்லிய நிறம் போய்விடும். அதனால் கூடம் மங்கலாக, 50 லக்ஸ் அளவில் இருக்கும். உள்ளே போனதும் கண் பழக ஐந்து நிமிடம் விடுங்கள்.

ரியோகோகு நிலையத்தில் இறங்கினால் நடந்தே போகலாம். ஓயெதோ சுரங்க ரயில் தடத்தின் நிலையம் இன்னும் பக்கம். திங்கள் விடுமுறை, திங்கள் அரசு விடுமுறை நாளானால் மறுநாள் மூடுவார்கள். சிறப்புக் கண்காட்சிச் சீட்டே அன்றைக்கு நிரந்தரக் கூடத்துக்கும் செல்லும், தனியாக எடுக்க வேண்டாம். 2016-இல் திறந்த கட்டடம், கசுயோ செஜிமா வடிவமைத்தது. ஹொகுசாய் பிறந்த வட்டாரமும் இதுவே.

வடமலை:
அச்சுதான் வேண்டும் என்றால் மேலே சொன்னது சரி. ஆனால் ஒபுசேயின் பலமே வேறு: ஹொகுசாய் தன் கையால் தீட்டிய ஓவியங்கள். எண்பது வயதைக் கடந்த பின் அந்த ஊருக்கு வந்து, திருவிழாத் தேர்களின் கூரைப் பலகைகளில் வரைந்தார். ஒரு தேரில் டிராகனும் ஃபீனிக்ஸும், இன்னொன்றில் இரண்டு அலைகள். அந்த அலைகளை நேரில் பார்த்தால் பேரலையோடு அவர் நின்றுவிடவில்லை என்பது விளங்கும். தேர்கள் அங்குள்ள ஹொகுசாய்-கான் அருங்காட்சியகத்தில் நிரந்தரமாகவே நிற்கின்றன. அச்சைப் போல் தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

டோக்கியோவிலிருந்து நகானோ வரை ஷிங்கன்சென் அதிவேக ரயில், அங்கிருந்து நகானோ தென்தெத்சு ரயிலில் சுமார் அரை மணி. அது தனியார் தடம். சுற்றுலாப் பயணிகளுக்கான ஜேஆர் ரயில் பாஸ் செல்லாது, சீட்டு தனி. ஒபுசேயின் கன்ஷோயின் கோயில் உட்கூரையில் உள்ள ஃபீனிக்ஸ் ஓவியத்தையும் விடாதீர்கள். நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் என்பதால் காலையிலேயே கிளம்புங்கள். உள்ளே படமெடுக்க அனுமதி இல்லை.

அலைநீலம்:
மிக்க நன்றி இருவருக்கும். அசல் கிடைத்தால், அது முந்தைய அச்சா பிந்தியதா என்று எப்படிப் பார்ப்பது?

மரக்கட்டை:
தலைப்பு எழுதிய கட்டத்தைப் பாருங்கள். முந்தைய அச்சுகளில் கட்டத்தின் கோடு முழுதாக இருக்கும். பலகை தேயத் தேய இடப்பக்கக் கோட்டில் இடைவெளி விழும். அடுத்து வானம்: மேகத்தின் வடிவம் தெரிந்தால் நல்ல பிரதி. ஆனால் மேகம் தெரியாததை மட்டும் வைத்துப் பிந்தியது என்று முடிவுகட்ட வேண்டாம், வெளிச்சத்தில் வெளிறியும் இருக்கலாம். கோடு உடைந்தது பலகையின் தேய்மானம், வானம் மறைந்தது வெளிச்சத்தின் வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அச்சு சுமார் 25 × 37 செ.மீ.தான். எட்டி நின்றால் ஒன்றும் பிடிபடாது. கூட்டம் குறைவான வேளையில் போய், கண்ணாடிக்கு அருகே குனிந்து, நீலம் அடர்த்தியிலிருந்து மெல்லியதாக இறங்கும் இடத்தைப் பாருங்கள். அந்த இறக்கத்தை அச்சிடுபவர் ஒவ்வொரு தாளுக்கும் பலகையில் சாயத்தைக் கையால் துடைத்துத்தான் கொண்டுவந்தார். இரண்டு பிரதிகள் அச்சு அசலாக ஒன்றாக இராததற்கு அதுவும் ஒரு காரணம்.