லோங்காங் யாருடையது என்று சட்டமன்றம் கேட்குமா?

லயத்துக்காரி:
மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் இருக்கிறோம். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது, என் அம்மா வாயில்தான் இன்னும் வரவில்லை. மழை பெய்தால் பழைய தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் ஓடும் லோங்காங், அதாவது வடிகால், கோயில் வாசல்வரை பொங்கிவிடுகிறது. ஓர் அலுவலகத்தில் "அது தோட்டத்து நிலம், எங்கள் வேலை இல்லை" என்றார்கள். இன்னொன்றில் "நிலம்தான் நாங்கள், தண்ணீர் இல்லை" என்றார்கள். மூன்று மாதத்தில் நான்கு கடிதம் போட்டாகிவிட்டது. எந்த அலுவலகத்துக்கு எந்த அதிகாரம், எந்தக் கடமை என்று உட்கார்ந்து பார்ப்பவர் யாராவது உண்டா?

பழைய கிராணி:
உண்டம்மா. 2008 தேர்தலுக்குப் பிறகு சிலாங்கூர் சட்டமன்றம், அரசு அலுவலகங்களின் திறனையும் பொறுப்பையும் வெளிப்படைத்தன்மையையும் பார்க்க, 'செல்காட்' என்ற தெரிவுக்குழுவை அமைத்தது. சபாநாயகர் தெங் சாங் கிம் தலைமையில், அதிகாரிகளை வரவழைத்துப் பொதுமக்கள் முன்னால் விசாரித்தார்கள். ஊராட்சி மன்றங்களுக்கு ஒரு குழு, மாவட்ட, நில அலுவலகங்களுக்கு இன்னொன்று என்றும் அமைந்தன. உங்கள் விஷயம் அந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது, லோங்காங் மாதிரியே.

ஆனால் ஊராட்சி மன்றத்தின் அதிகாரம் 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. அது நாடாளுமன்றம் போட்டது. சட்டமன்றம் கேட்கலாம், குட்டலாம், திருத்த முடியாது. மன்ற உறுப்பினர்களை நியமிப்பதோ மாநில அரசு. 1965இல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தியபோது நான் பள்ளிக்கூடப் பையன். அதோடு ஓட்டுப் போட்டுத் தட்டிக்கேட்கும் வழியும் போச்சு.

ஆஸ்டின் தம்பி:
நானும் அந்தப் பக்கம்தான், இப்போது டெக்சாஸில் வேலை. இங்கே 1977லிருந்து 'சன்செட்' சட்டம் இருக்கிறது. அலுவலகத்துக்கே முடிவுத் தேதி குறித்துவிடுகிறார்கள், பெரும்பாலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை. சட்டமன்றத்தினர் 10 பேரும் வெளியாட்கள் 2 பேரும் உள்ள குழு, "நீ எதற்கு? இதே வேலையை வேறு யார் செய்கிறார்?" என்று துருவும். சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் மூடுவிழாதான்.

பழைய கிராணி:
நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் மூடிவிட்டால் லோங்காங்கை யார் வெட்டுவது?

அம்மா, சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். "சுத்தம் செய்து கொடுங்கள்" என்று எழுத வேண்டாம், ஒரு நாள் ஆள் அனுப்பி முடித்துவிடுவார்கள். இரண்டு அலுவலகத்தின் பதிலையும் இணைத்து, "இதில் எது சரி?" என்று மட்டும் எழுதுங்கள். அவர் அதைச் சபையில் கேட்டால், ஆட்சிக்குழு உறுப்பினர், அதாவது மாநில அமைச்சர் மாதிரி இருப்பவர், சொல்லும் பதில் ஹன்சார்ட் என்ற சபைப் பதிவேட்டில் ஏறிவிடும்.

லயத்துக்காரி:
ஒரு பதில்தான் கடிதமாக இருக்கிறது ஐயா. மற்றது கவுண்டரில் வாயால் சொன்னது.

பழைய கிராணி:
அப்போ முதலில் அதை எழுத்தில் வாங்குங்கள். தேதியும் முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே வாருங்கள்.