கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயில் மெட்டில்3 நொதி கட்டியை வளர்க்கிறதா, அடக்குகிறதா?

முதுகலை_மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு ஆர்.என்.ஏ. மெத்திலேற்றம் (ஆர்.என்.ஏ.வில் மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டுவது) எடுத்திருக்கிறேன். 2017-இல் அமெரிக்காவின் சிட்டி ஆஃப் ஹோப் குழு, கிளையோபிளாஸ்டோமா ஸ்டெம் செல்களில் மெட்டில்3-ஐக் குறைத்தால் கட்டி அதிகம் வளர்கிறது என்றது. மறுவருடமே பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யில் குமாரவேல் சோமசுந்தரம் குழு, குறைத்தால் கட்டி வளர்வது குன்றுகிறது, கதிர்வீச்சுக்கும் செல்கள் தாக்குப்பிடிப்பதில்லை என்றது. எதை எடுத்துக்கொள்வது? கைடு "ஒன்றைத் தேர்ந்தெடு" என்கிறார்.

பிப்பெட்காரன்:
தேர்ந்தெடுக்காதீர்கள் அம்மா, இரண்டையும் எழுதுங்கள். கேள்வியே அங்கேதான் இருக்கிறது.

மெட்டில்3 முக்கியமாகச் செய்வது ஒன்றுதான்: மெட்டில்14 என்ற புரதத்தின் துணையோடு ஆர்.என்.ஏ.வின் அடினோசினில் ஒரு மெத்தில் வைக்கும். அதுதான் எம்6ஏ என்ற குறி. அப்புறம் அந்த எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.) என்னவாகும் என்பது எந்தப் புரதம் வந்து பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒய்டிஹெச்டிஎஃப்2 பிடித்தால் சிதையும். ஐ.ஜி.எஃப்.2.பி.பி. புரதங்கள் பிடித்தால் நிலைக்கும். பெங்களூர் ஆய்வில் ஸ்டெம் செல் தன்மையைக் காக்கும் சாக்ஸ்2 மரபணுவின் எம்.ஆர்.என்.ஏ.வில், 3' முனைப் பகுதியில் இருந்த குறி ஹெச்.யூ.ஆர். புரதத்தை வரவழைத்து, அந்த எம்.ஆர்.என்.ஏ.வை நிலைக்க வைத்தது. சிட்டி ஆஃப் ஹோப் ஆய்விலோ, குறி குறைந்ததும் கட்டிக்கு உதவும் அடாம்19 மரபணுவின் அளவு ஏறியது. இரண்டு குழுவும் பார்த்தது வேறு வேறு ஆர்.என்.ஏ.க்களை.

கருவிலும் இதையே பார்க்கலாம். 2015-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மெட்டில்3 இல்லாத எலிக் கருவைப் பார்த்தார்கள். நானோக் போன்ற ஸ்டெம் செல் ஆர்.என்.ஏ.க்கள் வேளைக்குச் சிதையாததால் செல்கள் அடுத்த நிலைக்கு நகரவே இல்லை. கருவும் ஆரம்பத்திலேயே இறந்தது. ஆனால் கடும் மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் இதற்கு நேர்மாறு: மெட்டில்3-ஐ எடுத்தால்தான் செல்கள் முதிர்கின்றன. ஒரே நொதி, இடத்துக்கு இடம் வேறு வேலை. ஆகவே "மெட்டில்3 கூடியிருக்கிறது, எனவே புற்றுநோய் மரபணு" என்று டி.சி.ஜி.ஏ. (புற்றுநோய் மரபணுத் தரவுத் தொகுப்பு) தரவை மட்டும் வைத்து எழுதும் தாள்களை நான் நம்புவதில்லை.

முதுகலை_மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா. எங்களிடம் டாட் பிளாட் (ஆர்.என்.ஏ.வைப் புள்ளியாக வைத்து, அதன் கருமையால் எம்6ஏ அளவைப் பார்ப்பது) வசதி மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

ஆர்.என்.ஏ_அக்கா:
மொத்த ஆர்.என்.ஏ.வை வைத்துச் செய்யாதே. ரைபோசோம் ஆர்.என்.ஏ.விலும் எம்6ஏ உண்டு. அதன் 18எஸ் வகையில் குறி வைப்பது மெட்டில்5 நொதி, 28எஸ் வகையில் ஜெட்.சி.சி.ஹெச்.சி4 நொதி. மெட்டில்3-ஐக் குறைத்தாலும் அந்தப் புள்ளி அப்படியே கருமையாக இருக்கும். பாலி-ஏ பிரிப்பை (எம்.ஆர்.என்.ஏ.வை மட்டும் தனியே எடுப்பது) இரண்டு முறை செய்துவிட்டு வை. பக்கத்து ஊரில் மாஸ் ஸ்பெக் (நிறை நிறமாலைக் கருவி) இருந்தால் கேட்டுப் பார், வெட்கப்படாதே.

பிப்பெட்காரன்:
சரியாகச் சொன்னீர்கள். இன்னொன்று: நாக்டவுன் செய்த (மெட்டில்3-ஐக் குறைத்த) செல்லில் சாதாரண மெட்டில்3-ஐயும், மெத்தில் வைக்க முடியாத டி395ஏ மாற்றம் உள்ளதையும் தனித்தனியாகத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நுரையீரல் புற்றுநோய் செல்களில் மெத்தில் வைக்கும் வேலையே இல்லாமலும் மெட்டில்3 புரத உற்பத்தியைக் கூட்டுகிறது என்று 2016-இல் காட்டியிருக்கிறார்கள். வைவாவில் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.