மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு இரவு வியர்வை: மாதவிடாய் நின்றதாலா, சர்க்கரையாலா?

கேள்வி: குழித்துறைவாசி

எனக்கு வயது 48. இடது மார்பில் வந்த புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, இப்போது நோய் திரும்பாமலிருக்க நாள்தோறும் 20 மி.கி. டாமாக்சிஃபென் மாத்திரை எடுத்து வருகிறேன். கீமோவின்போதே மாதவிடாய் நின்றுவிட்டது. பகலில் ஐந்தாறு முறை நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறிச் சில நிமிடங்களில் தணியும், அதைப் பொறுத்துக்கொள்கிறேன். ஆனால் இரவு 2 மணிவாக்கில் நைட்டியின் முதுகுப்புறமும் தலையணை உறையும் பிழியும் அளவுக்கு நனைந்துவிடுகின்றன. அதன்பின் விடியும்வரை உறக்கம் வருவதில்லை.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும், இரத்த அழுத்தத்துக்கு அட்டினலாலும் எடுக்கிறேன். இரவில் கஞ்சியும் கொஞ்சம் பயறும் மட்டுமே சாப்பிடுகிறேன். சர்க்கரை குறைகிறதோ என்று ஐயம் எழுந்தது. நடுக்கமோ படபடப்போ இல்லாததால் அந்த எண்ணத்தை விட்டுவிட்டேன். மனச்சோர்வுக்காக இங்குள்ள ஒரு மருத்துவர் ஃப்ளூயாக்செடின் எழுதித் தந்துள்ளார். டாமாக்சிஃபென் எடுப்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரையை இன்னும் தொடங்கவில்லை. என் மயினி தண்ணீர்விட்டான் கிழங்கு லேகியம் வாங்கி வைத்திருக்கிறார். ஹார்மோன் மாத்திரை போட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. நான் எதை நம்புவது?

பதில்: குளச்சல் அக்கா

தங்கச்சி, நானும் இதே நோயையும் சர்க்கரையையும் சேர்த்துச் சுமப்பவள் என்பதால் எழுதுகிறேன். நடுக்கம் இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிடாதீர்கள். அட்டினலால் போன்ற மாத்திரைகள் சர்க்கரை குறையும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. குளுக்கோமீட்டரைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, வியர்த்து எழுந்தவுடன் விரலை நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அளவையும் நேரத்தையும் நோட்டில் குறித்து வையுங்கள். எனக்கு ஓர் இரவில் 58 இருந்தது. அதற்கு முன் பல மாதங்கள் எல்லாவற்றையும் மாதவிடாய் நின்றதன்மேல் போட்டு ஏமாந்திருந்தேன்.

பதில்: மார்த்தாண்டம் மருந்தாளுநர்

அம்மா, ஃப்ளூயாக்செடினைத் தொடங்காமல் இருந்தது மிக நல்லது. டாமாக்சிஃபென் கல்லீரலில் ஒரு நொதியால் எண்டாக்சிஃபென் ஆக மாறித்தான் முழு வலிமையோடு வேலை செய்கிறது. ஃப்ளூயாக்செடினும் பராக்செடினும் அந்த நொதியை வலுவாகத் தடுப்பவை. எழுதித் தந்தவரிடம் திரும்பச் சென்று டாமாக்சிஃபென் பற்றிச் சொல்லுங்கள். மனச்சோர்வைக் கவனிக்காமல் விடவும் கூடாது. வென்லாஃபாக்சின் அந்த நொதியை அவ்வளவாகத் தொடாது, உடல் காந்தலையும் குறைக்கும். ஆனால் இரத்த அழுத்தத்தைக் கூட்டக்கூடும் என்பதால் உங்களுக்கு அழுத்தம் பார்த்துத்தான் தர வேண்டும். காபாபென்டின் இரவு உறக்கத்துக்கும் உதவும். சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அளவு மாறும்.

ஹார்மோன் மாத்திரை வேண்டவே வேண்டாம். மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஹாபிட்ஸ் ஆய்வு, நோய் திரும்புவது கூடியதால் 2003 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. லேகியத்தையும் உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் காட்டாமல் தொடாதீர்கள். அந்தக் கிழங்கில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போன்று செயல்படக்கூடிய பொருட்கள் இருப்பதாகக் கருதப்படுகிறது. இன்னொன்று: நின்ற மாதவிடாய் திரும்பி இரத்தம் பட்டாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ டாமாக்சிஃபென் எடுப்பவர் காத்திருக்கக் கூடாது.

மீண்டும்: குழித்துறைவாசி

ஒன்பது இரவுகள் பார்த்தேன். மூன்று இரவுகளில் 61, 64, 66 என இருந்தது; மற்ற இரவுகளில் 110-க்கு மேல். இரண்டும் கலந்தே நடந்திருக்கிறது. நோட்டையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் சென்றேன். சர்க்கரையை அளவுக்குமேல் இறக்கிவிடக்கூடியது என்பதால், சர்க்கரை மருத்துவர் இரவு மாத்திரையிலிருந்து கிளிமெபிரைடை எடுத்துவிட்டார். புற்றுநோய் மருத்துவர் சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இரவில் 300 மி.கி. காபாபென்டின் தொடங்கியிருக்கிறார். ஃப்ளூயாக்செடின் வேண்டாம் என்றும், மனச்சோர்வுக்கு வேறு மருந்து தரலாமா என்று அடுத்த முறை பார்ப்போம் என்றும் சொன்னார். பகல் காந்தல் அப்படியே இருக்கிறது. இந்த வாரம் நான்கு இரவுகள் தொடர்ந்து உறங்கினேன்.