கார்ட்டர் ரோடு பாறையில் ஒட்டியிருப்பது நத்தையா, நண்டின் உறவா?

மாட்டுங்கா அம்மா:
ஞாயிறு காலை கடல் வற்றியிருந்தபோது மகளுடன் மும்பை கார்ட்டர் ரோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். பாறை முழுவதும் சாம்பல் நிறத்தில், உச்சியில் வாய் வைத்த சிறு கூம்புகளாக ஓடுகள். நெம்பினாலும் பெயரவில்லை. பள்ளியில் கணுக்காலிகள் (நண்டு, பூச்சி போல, கணுக்கள் உள்ள கால்கொண்டவை) பாடம் நடக்கிறது. “இதுவும் அதில் சேருமா?” என்று கேட்கிறாள். கால் எங்கே என்றே எனக்குத் தெரியவில்லை.

செம்பூர்வாசி:
ஓடு இருக்கிறது, நகர்வதில்லை. சிப்பி, நத்தை இனமாகத்தான் இருக்கும்.

படகுப் பட்டறைக்காரர்:
இல்லை தம்பி, அது கொட்டலசு. தூத்துக்குடியில் என் அப்பா படகின் அடியிலிருந்து சுரண்டினார். இங்கே சாசூன் டாக் படகுத்துறைப் பக்கம் முப்பது ஆண்டுகளாக நான் சுரண்டுகிறேன். அடியில் அது மண்டினால் படகு வேகம் இழக்கும், டீசல் கூடுதலாகக் குடிக்கும். ஆனாலும் எனக்கு அதன் மேல் மதிப்பு உண்டு.

உங்களைப் போலவே அறிஞர்களும் அதை நத்தை, சிப்பியோடு சேர்த்திருந்தார்கள். 1830-இல் ஜான் வாகன் தாம்சன் என்ற ஆய்வாளர் அதன் இளம் பருவத்தைக் கவனித்து எழுதியபிறகுதான் நண்டு, இறாலின் உறவு என்று தெரிந்தது. டார்வின் கொட்டலசை ஆராயவே எட்டு ஆண்டுகள் செலவிட்டார்.

அம்மா, கால் உள்ளே இருக்கிறது. குஞ்சு கடலில் நீந்தித் திரியும். இடம் பிடித்ததும் உணர்கொம்பில் பசை சுரந்து தலைப்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். பிறகு சாகும்வரை அங்கேயேதான். இறகு போன்ற ஆறு இணைக் கால்களை வெளியே வீசி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வாரி உண்ணும். அந்தக் கால்களில் கணுக்கள் உண்டு, அதனால் இதுவும் கணுக்காலிதான். கடல் வற்றினால் ஈரம் போகாமல் மூடிக்கொள்ளும். நீர் வடிந்த பாறையிலும் அது தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

கொட்டலசு ஒட்டிய சிறு கல்லைக் கடல்நீர் நிறைந்த கிண்ணத்தில் போட்டு அசையாமல் பாருங்கள். கை நிழல் பட்டாலே மூடிக்கொள்ளும். பார்த்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

மாட்டுங்கா அம்மா:
ஐயா, இன்று பார்த்துவிட்டோம்! சில நிமிடங்களில் விசிறி போல விரிந்து சுருங்கியது. மகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த கேள்வி தயார்: நண்டு ஓட்டைக் கழற்றுமே, இது எப்படி வளரும்?

படகுப் பட்டறைக்காரர்:
நல்ல கேள்வி கேட்டிருக்கிறது குழந்தை. சுற்றியுள்ள ஓட்டைக் கழற்றாது. அது விளிம்பில் பெருகும். உள்ளே உடலையும் காலையும் மூடிய மெல்லிய தோலை மட்டும் உரிக்கும். கிண்ணத்தில் கண்ணாடி போன்ற கால்களின் தோல் மிதந்தால், செத்துவிட்டதென்று பயப்படாதீர்கள்.