வாடகை கார் விபத்து இழப்பீடு: காரைக்குடி பக்கம் விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

ஆப் வழியாகப் பிடித்த கார் திருமயம் அருகே பாலக்கட்டையில் மோதி, பின்சீட்டில் இருந்த பள்ளத்தூர் ஆச்சிக்குத் தொடை எலும்பு முறிவு. எஃப்ஐஆர், காயச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், பயண ரசீது எல்லாம் கையில் உண்டு. விபத்து புதுக்கோட்டை மாவட்டம் என்றாலும், குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவில் மனுப் போடலாம். சட்டத்தில் 6 மாதக் கெடு இருப்பதால் தள்ளிப்போட மனமில்லை.

சிக்கல் என்னவென்றால், காருக்கு வெள்ளை நம்பர் பிளேட். சொந்த உபயோக பாலிசியில் வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் கையை விரிக்கும். 'முதலில் கம்பெனி கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலிக்கட்டும்' என்ற உத்தரவு வாங்கிய வக்கீல் தேவகோட்டை, காரைக்குடியில் யார்? ஆப் கம்பெனியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தவர்கள் உண்டா? ஊனச் சான்றுக்கு சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரியில் மருத்துவக் குழு எந்தக் கிழமை கூடும்?